எந்த நாளில் எந்தப் பரிசோதனை: பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு செய்ய வேண்டியவை, வரிசைப்படி

அரசு மருத்துவமனை ஒன்றில், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் நான் ஆலோசகராக இருந்தபோது திங்கட்கிழமை காலையில்தான் கூட்டம் அதிகம். சனிக்கிழமை இரவு நடந்ததற்குத் திங்களன்று ரத்தம் கொடுக்க வருவார்கள். பரிசோதனையில் இல்லை என்று வரும். திரும்ப வரவேண்டிய தேதியை எத்தனை முறை சொன்னாலும், அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிற சிலர் மறுபடி வரவே மாட்டார்கள். சனிக்கிழமை உடம்புக்குள் போன கிருமி திங்கட்கிழமை எந்தப் பரிசோதனையிலும் தெரியாது. அன்று காலை அவர்கள் கேட்டிருக்க வேண்டியது எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை. அதற்கு மட்டும்தான் அப்போது நேரம் இருந்தது.

இந்த விஷயத்தில் பாதிப் பிரச்சினை நாள் கணக்குதான். கீழே உள்ளவற்றை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள்

கடைசியாக எப்போது நடந்தது? நாள், மணி இரண்டையும் எழுதுங்கள். "போன வாரம் ஒருநாள்" என்று சொல்பவருக்கு எந்தப் பரிசோதனை பொருந்தும் என்று மருத்துவரால் சொல்ல முடியாது. பயத்தில் இருப்பவருக்கு நாட்கள் குழம்பும். பத்து நாள் ஆனதை ஒரு மாதம் என்று சொல்வார்கள். போன் அழைப்பு, ஆட்டோவுக்குப் பணம் அனுப்பிய நேரம், லாட்ஜ் ரசீது என ஏதாவது ஒன்றைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதே தாளில் இன்னும் மூன்று வரி வேண்டும். ஆணுறை போட்டீர்களா, கிழிந்ததா, நடுவில் கழற்றினீர்களா? எந்த வகை உறவு? ஏற்கெனவே மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? மருத்துவர் கேட்கும்போது வாய் குழறினால் தாளை நீட்டிவிடலாம். பலர் அப்படித்தான் நீட்டினார்கள், நாங்களும் அதை வைத்தே வேலையைத் தொடங்கினோம்.

2. நடந்ததில் எது ஆபத்து என்று பிரித்துப் பாருங்கள்

எல்லாவற்றுக்கும் ஒரே பயம் தேவையில்லை. முத்தம், கட்டிப்பிடிப்பது, கையால் தொடுவது, ஒரே தட்டில் சாப்பிடுவது, கொசுக்கடி, பொதுக் கழிப்பறை ஆகியவற்றால் எச்.ஐ.வி. வராது. ஆணுறை கடைசிவரை கிழியாமல் இருந்தால் எச்.ஐ.வி., வெட்டை (கொனோரியா), கிளமிடியா ஆகியவற்றுக்கு நல்ல பாதுகாப்பு. ஆனால் மேகப்புண் என்கிற சிபிலிஸ், கொப்புளம் வரும் ஹெர்பிஸ், மரு மூன்றும் ஆணுறை மூடாத தோலிலிருந்தும் ஒட்டும்.

வாய்வழி உறவில் எச்.ஐ.வி. ஆபத்து மிகக் குறைவு. அதை வைத்து "ஒன்றும் இல்லை" என்று விட்டுவிடாதீர்கள். வெட்டை, சிபிலிஸ், ஹெர்பிஸ் மூன்றும் வாய்வழியாகத் தாராளமாகப் பரவும்.

எச்.ஐ.வி. உள்ள ஒருவரோடு ஆணுறை இல்லாமல் உறவு வைத்தால் ஒரு முறைக்கான ஆபத்து எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். யோனிவழி உறவில் பெண்ணுக்கு 10,000 முறைக்குச் சுமார் 8, ஆணுக்குச் சுமார் 4. ஆசனவாய்வழி உறவில் வாங்குபவருக்குச் சுமார் 138. ஒரு முறை நடந்ததற்கே வாழ்க்கை முடிந்துவிட்டது என்று நினைத்து ரயில் பாதைப் பக்கம் போய் நின்றவர்கள் என் முன் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த எண்களைச் சொல்கிறேன். புண் இருந்தாலோ வேறு பால்வினை நோய் இருந்தாலோ இந்த ஆபத்து கூடும். எதிரே இருந்தவர் எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அளவு கண்டறிய முடியாத நிலையில் இருந்தால், உடலுறவால் எச்.ஐ.வி. பரவாது.

3. 72 மணி நேரம் ஆகவில்லையா? மற்றதை நிறுத்திவிட்டு இதைச் செய்யுங்கள்

எச்.ஐ.வி. உடம்பில் நிலைபெறுவதற்கு முன்பே தடுக்கும் மருந்து இருக்கிறது. பெப் என்பார்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 70ஆவது மணி நேரத்தில் தொடங்குவதைவிட 7ஆவது மணி நேரத்தில் தொடங்குவது எவ்வளவோ மேல். அதனால் விடியட்டும், திங்கட்கிழமை ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். "எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை வேண்டும், இத்தனை மணி நேரம் ஆகிறது" என்று நேரடியாகச் சொல்லுங்கள். "கொஞ்சம் செக்கப்" என்று சுற்றி வளைத்தால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

அரசு மருத்துவமனைகளில் இந்த மருந்து முக்கியமாக ஊசி குத்திக்கொண்ட மருத்துவப் பணியாளர்களுக்கும், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் வைத்திருப்பது. விருப்பத்தோடு நடந்த உறவு என்றால் சீட்டு எழுதிக் கொடுத்து வெளியே வாங்கச் சொல்வதும் உண்டு. அங்கே வாக்குவாதம் செய்து நேரத்தைப் போக்காமல் சீட்டை வாங்கிக்கொண்டு பெரிய மருந்துக் கடைக்குப் போங்கள். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையாக வரும். தினமும் ஒன்று, 28 நாள்.

நடுவில் விடுபவர்கள்தான் அதிகம். பத்து நாள் ஆனதும் பயம் தணியும், மாத்திரையும் நின்றுவிடும். 28 நாள் முடிந்தால்தான் பலன். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற ஜெலுசில் மாதிரியான சிரப், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை ஆகியவற்றை இதோடு சேர்த்துச் சாப்பிட்டால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது. வேறு எந்த மருந்து சாப்பிட்டாலும் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அதே வருகையில் மஞ்சள் காமாலை பி பற்றியும் கேளுங்கள். தடுப்பூசி போடாதவர்கள் உடனே தொடங்கலாம். 24 மணி நேரத்துக்குள் என்றால் மிக நல்லது. முதலில் ரத்தம் எடுக்கட்டும், அப்புறம் ஊசி. வரிசை மாறினால், போட்ட ஊசியே சில நாட்களுக்குப் பரிசோதனையில் நோய் இருப்பதுபோலக் காட்டக்கூடும்.

கர்ப்பம் ஆகக்கூடியவர்களுக்கு இன்னொரு அவசரமும் உண்டு. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகளில் இது கிடைப்பதில்லை. கடை கடையாக அலைவதைவிட மகப்பேறு மருத்துவரிடம் போவதே வேகமான வழி. அவர் 5 நாள் வரை கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி கூடப் போட முடியும்.

நடந்தது உங்கள் சம்மதமில்லாமல் என்றால் அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் இலவசமாக முதல் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். போலீஸ் புகார் கொடுத்துவிட்டு வா என்று சிகிச்சையை நிறுத்திவைக்கக் கூடாது. பெண்கள் 181 என்ற எண்ணை அழைக்கலாம்.

4. எங்கே போவது

எச்.ஐ.வி.க்கும் சிபிலிஸுக்கும் நம்பிக்கை மையம். அரசு மருத்துவக் கல்லூரி, மாவட்டத் தலைமை மருத்துவமனை, வட்ட மருத்துவமனைகளில் இருக்கும். பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். புண், வெள்ளைப்படுதல், எரிச்சல், கட்டி என்று ஏதாவது இருந்தால் சுகவாழ்வு மையம். பெரும்பாலும் அதே வளாகத்தில் இருக்கும், அங்கேயே மருந்தும் கிடைக்கும். சென்னையில் இருப்பவர்களுக்கு ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் பால்வினை நோய்க்கென்றே தனி நிலையம் உண்டு. அருகில் எந்த மையம் என்று தெரியாவிட்டால் 1097. கட்டணமில்லா எண், தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

தனியாரில் என்றால் தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவர். ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் மாதம் ஒருமுறை வந்து அறை எடுத்து உட்கார்கிறவரிடம் போகாதீர்கள். "மேகநோய், ஆண்மைக் குறைவு, நரம்புத் தளர்ச்சி" என்று சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்துப் போய்ப் பல ஆயிரங்களைக் கொடுத்துவிட்டு, வெறும் லேகியத்தோடு, சிபிலிஸ் இரண்டாம் கட்டத்துக்குப் போன பிறகு என்னிடம் வந்தவர்கள் பலர். சிபிலிஸ் புண் மருந்தே இல்லாவிட்டாலும் சில வாரங்களில் தானாக ஆறும். கிருமி உள்ளே தங்கிவிடும். புண் ஆறியதற்கான பெயர் லேகியத்துக்குப் போய்ச் சேர்கிறது.

இரத்த தான முகாமில் ரத்தம் கொடுத்தால் சோதித்துச் சொல்லிவிடுவார்களே என்று ஒரு யோசனை இளைஞர்களிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். தொற்று பரிசோதனையில் தெரியாத அந்த ஆரம்ப நாட்களில் உங்கள் ரத்தம் இன்னொருவர் உடம்பில் ஏறினால் அவருக்குத் தொற்று போய்விடும்.

5. நாள் கணக்கு

தாளை எடுத்து, நடந்த நாளை சுழியம் என்று வைத்துக்கொண்டு எண்ணுங்கள்.

முதல் சில நாட்கள்: இப்போது எடுக்கிற எச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சள் காமாலை பரிசோதனைகள் உங்கள் பழைய நிலையைத்தான் காட்டும். பெப் தொடங்குபவர்களுக்கு இது கட்டாயம் தேவை. ஏற்கெனவே எச்.ஐ.வி. இருந்தால் 28 நாள் மருந்து போதாது, முழுச் சிகிச்சைக்குப் போக வேண்டியிருக்கும். மற்றவர்களுக்கும் எடுப்பது நல்லதுதான். ஆனால் போன சனிக்கிழமையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

14ஆம் நாள்: வெட்டையும் கிளமிடியாவும். கிளமிடியா பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் காட்டாது. பெண்களுக்கு அது மேலே ஏறிக் கருக்குழாயைக் கெடுத்த பிறகு, குழந்தைக்காகப் பரிசோதனை செய்யும்போதுதான் தெரியவரும். இதற்கு ரத்தம் வேண்டாம். ஆண்கள் சிறுநீர் கொடுக்கலாம், பெண்களுக்குப் பஞ்சுக்குச்சியால் உள்ளே தடவி எடுப்பார்கள். "நாட்" என்கிற மரபணுப் பரிசோதனை என்று கேட்டு வாங்குங்கள். சிறுநீர் கொடுப்பதற்கு முன் குறைந்தது ஒரு மணி நேரம் கழிக்காமல் இருக்க வேண்டும். முதலில் வரும் துளிகளைத்தான் பிடிக்க வேண்டும், ஏனென்றால் குழாயில் ஒட்டியிருக்கும் கிருமியை அவைதான் அடித்துக்கொண்டு வரும். சர்க்கரை, உப்புப் பரிசோதனைக்கு நடுச் சிறுநீர் பிடித்துப் பழகியவர்கள் இங்கேயும் அப்படியே செய்துவிடுகிறார்கள். வாய்வழி, ஆசனவாய்வழி உறவு என்றால் தொண்டையிலும் ஆசனவாயிலும் தனியாக எடுக்க வேண்டும். சிறுநீர் அந்த இடங்களைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆண்களோடு உறவு வைக்கும் ஆண்கள் இதைச் சொல்லத் தயங்குவதால்தான் தொற்று தவறிப்போகிறது.

21ஆம் நாள்: கர்ப்பப் பரிசோதனை. அதற்கு முன் கோடு விழாவிட்டால் அதை நம்ப முடியாது.

45ஆம் நாள்: ஆய்வகத்தில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்யும் நான்காம் தலைமுறை எச்.ஐ.வி. பரிசோதனை கிருமியின் புரதத்தையும் அதற்கு எதிராக உடம்பு செய்யும் எதிர்ப்பொருளையும் சேர்த்தே பார்க்கும். 45 நாள் கழித்து இது நெகட்டிவ் என்றால் எச்.ஐ.வி. இல்லை. பெப் சாப்பிட்டவர்கள் மட்டும் இந்த 45 நாளைக் கடைசி மாத்திரை போட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். சிபிலிஸுக்கு வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். என்கிற ரத்தப் பரிசோதனையை முதல் முறையாக இப்போது எடுக்கலாம்.

90ஆம் நாள்: எதிர்ப்பொருளை மட்டும் பார்க்கும் விரைவுப் பரிசோதனைக்கு இதுதான் இறுதி நாள். நம்பிக்கை மையங்களில் பெரும்பாலும் இந்த வகைதான். சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி, சி மூன்றுக்கும் கடைசிப் பரிசோதனை இந்த நாளில்.

ஹெர்பிஸுக்கு இதில் நாள் சொல்லவில்லை என்று கவனித்திருப்பீர்கள். புண் இல்லாமல் ரத்தத்தில் ஹெர்பிஸ் ஐ.ஜி.எம். என்கிற எதிர்ப்பொருளைப் பார்ப்பது வீண் செலவு. தப்பாகப் பாசிட்டிவ் காட்டும், நாலு மாதத் தூக்கம் போகும். தனியார் ஆய்வகங்களின் "முழு எஸ்.டி.டி. (பால்வினை நோய்) பேக்கேஜ்"களில் இது சேர்ந்தே வரும், அதே பேக்கேஜில் கிளமிடியா நாட் இருக்காது. பணம் கட்டுவதற்கு முன் பட்டியலை வாசித்துப் பாருங்கள்.

6. நம்பிக்கை மையத்தில் அன்று என்ன நடக்கும்

வெறும் வயிற்றோடு போக வேண்டாம். காலையில் சாப்பிட்டுவிட்டே போங்கள், மயக்கம் வராது. வெளிநோயாளிச் சீட்டு போட்டுவிட்டு நேராக மையத்துக்குப் போங்கள். ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டுத் தனியாகப் பேசுவார். சம்மதம் கேட்ட பிறகுதான் ரத்தம் எடுப்பார்கள்.

பெயர், வயது, முகவரி, கைபேசி எண் கேட்பார்கள். இங்கேதான் பலர் பொய் எண் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு பையன், 24 வயது இருக்கும், முடிவு வாங்காமலே வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டான். அவனுக்கு சிபிலிஸ் பாசிட்டிவ். சில ஊசிகளில் குணமாகிற நோய். எழுதியிருந்த எண்ணுக்குப் போட்டால் யாரோ ஒரு பாட்டி எடுத்தார். இரண்டு வருடம் கழித்து அவனே மனைவியோடு வந்தான், அவர் ஆறு மாதக் கர்ப்பம். இருவருக்கும் ஊசி போட்டோம். அன்று சரியான எண்ணைக் கொடுத்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு இந்த நோயே வந்திருக்காது.

எண்ணைக் கொடுத்தால் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் நியாயமானது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டப்படி உங்கள் சம்மதமில்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை மற்றவர்களுக்குச் சொல்லவும் கூடாது. வேலைக்குச் சேர எச்.ஐ.வி. சான்று கேட்பதும் இந்தச் சட்டப்படி தவறு. போனில் கூப்பிட்டாலும் "ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள்" என்றுதான் சொல்வார்கள். முடிவை உங்கள் கையில்தான் தருவார்கள்.

7. உடம்பில் ஏதாவது தெரிந்தால் நாள் பார்க்காதீர்கள்

மேலே சொன்ன கணக்கெல்லாம் அறிகுறி இல்லாதவர்களுக்கு. சீழ் மாதிரி வடிவது, சிறுநீர் போகும்போது எரிவது, அடிவயிற்று வலி, விதையில் வலி, தொடை இடுக்கில் நெறி கட்டுவது, கொப்புளம், புண் இவற்றில் எது வந்தாலும் அன்றே போங்கள். வெட்டை அறிகுறி காட்டினால் பெரும்பாலும் 2 முதல் 7 நாளுக்குள் தெரியும். சிபிலிஸ் புண் சராசரியாக 21 நாளில் வரும், வலிக்காது. வலிக்காததால்தான் அதை விட்டுவிடுகிறார்கள். உள்ளங்கை, உள்ளங்காலில் அரிக்காத தடிப்பு வந்தாலும் சிபிலிஸை நினைத்துப் பாருங்கள்.

போவதற்கு முன் மருந்துக் கடையில் கேட்டு இரண்டு அசித்ரோமைசின் விழுங்காதீர்கள், புண்ணில் களிம்பும் தடவாதீர்கள். அரைகுறை மருந்து கிருமியைக் கொல்லாது, பரிசோதனையில் மட்டும் தெரியாமல் செய்துவிடும். சுகவாழ்வு மையத்தில் அறிகுறிக்கு ஏற்ப சாம்பல், பச்சை, வெள்ளை என்று நிறம் நிறமாக மருந்துப் பொட்டலம் வைத்திருப்பார்கள். முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றே தருவதற்காக ஏற்பாடு செய்தது அது.

8. முடிவுத் தாளை எப்படிப் படிப்பது

"நான்-ரியாக்டிவ்" (Non-reactive) என்றால் அந்த நாள் வரைக்கும் தொற்று தெரியவில்லை என்று பொருள். தாளில் உள்ள தேதியையும் உங்கள் சுழிய நாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளி போதவில்லை என்றால் இன்னொரு முறை எடுக்க வேண்டும்.

"ரியாக்டிவ்" என்று ஒரே ஒரு தனியார் பரிசோதனையில் வந்தால் அதோடு எச்.ஐ.வி. என்று முடிவு கட்டாதீர்கள். நம்பிக்கை மையத்தில் வெவ்வேறு முறையில் மூன்று பரிசோதனை செய்து மூன்றும் ஒத்துப்போன பிறகே உறுதி செய்வார்கள். உறுதியானால் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை உடனே தொடங்கலாம், இலவசம். எதிர்ப்புச் சக்தி குறையட்டும் என்று காத்திருந்த நடைமுறை 2017லேயே போய்விட்டது.

வி.டி.ஆர்.எல். கர்ப்பத்திலும் வேறு சில நோய்களிலும் தப்பாகப் பாசிட்டிவ் காட்டலாம். அதனால் டி.பி.எச்.ஏ. என்கிற இன்னொரு ரத்தப் பரிசோதனை எடுத்து உறுதி செய்ய வேண்டும். டி.பி.எச்.ஏ. ஒருமுறை பாசிட்டிவ் ஆனால் குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் பாசிட்டிவாகவே இருக்கும். குணமானதா என்பதை வி.டி.ஆர்.எல். எண்ணிக்கை இறங்குவதை வைத்துத்தான் பார்ப்பார்கள். 1:32 என்று இருந்தது 1:8 ஆனால் நல்ல இறக்கம். ஆரம்பச் சிபிலிஸுக்கு பென்சாத்தின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஒரே நாள் ஊசி போதும்.

9. துணையிடம் சொல்வது

கடைசிப் பரிசோதனை முடியும்வரை மனைவி, கணவன், காதலர் யாராக இருந்தாலும் ஆணுறை போடுங்கள். தொற்று உறுதியானால் அவருக்கும் சிகிச்சை வேண்டும். நீங்கள் மட்டும் மருந்து சாப்பிட்டால் அவரிடமிருந்து உங்களுக்கே திரும்பி வரும். வெட்டை, கிளமிடியாவுக்கு மருந்து சாப்பிட்ட பிறகு இருவரும் ஏழு நாள் சேராமல் இருக்க வேண்டும்.

எப்படிச் சொல்வது என்று தவிப்பவர்கள் ஆலோசகரின் முன்னால் உட்கார்ந்து சொல்லலாம். சண்டை வரும்தான். ஆனால் கேள்வி கேட்க ஒரு மூன்றாம் ஆள் பக்கத்தில் இருக்கும்போது பேச்சு நோயைச் சுற்றியே நிற்கும், அவரும் அன்றே ரத்தம் கொடுத்துவிட்டுப் போவார்.

10. எல்லாம் நெகட்டிவ், ஆனாலும் பயம் போகவில்லை என்றால்

90ஆம் நாள் முடிவு வந்த பிறகும் ஐந்தாவது, ஆறாவது ஆய்வகத்துக்குப் போகிறவர்கள் உண்டு. இரவு முழுக்கத் தேடிப் படித்து, கழுத்து நெறியைத் தொட்டுத் தொட்டே வீங்க வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிற்றுப்போக்கு, எடை குறைவது, தூக்கமின்மை, கை கால் சுருசுருப்பு எல்லாம் பயத்தாலும் வரும். ஏழாவது பரிசோதனையும் அந்தப் பயத்தைத் தீர்க்காது. பெரும்பாலும் அதன் அடியில் குற்றவுணர்வு இருக்கும். அதை யாரிடமாவது பேசியாக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், இலவசம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே அழையுங்கள்.

11. தாளைத் தூக்கிப் போடாதீர்கள்

மஞ்சள் காமாலை பி தடுப்பூசி தொடங்கியவர்களுக்கு இரண்டாவது ஊசி ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாவது மாதத்தில். 90ஆம் நாள் பரிசோதனை நல்லபடியாக முடிந்ததும் இந்த மூன்றாவது ஊசியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அந்தத் தேதியையும் தாளில் எழுதி, கைபேசியில் நினைவூட்டலும் வைத்துவிடுங்கள்.